கஞ்சித்தொட்டியிலிருந்து காட்டுக்குப்பம் வரை: வடசென்னையின் தோலில் எழுதப்பட்ட வரலாறு



ஸ்டான்லி மருத்துவமனையை இராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்து முதியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். ஸ்டான்லி என்பது ஒரு மாகாண ஆளுநரின் பெயர், 1930களில் வந்து ஒட்டிக்கொண்டது. கஞ்சித்தொட்டி அதற்கு 150 ஆண்டுகள் மூத்தது. ஹைதர் அலியோடு நடந்த போரால் ஊர்கள் பாழாகி, பஞ்சத்தில் ஓடிவந்தவர்களுக்கு 1782 வாக்கில் அங்கே கஞ்சி ஊற்றினார்கள். மணியக்காரர் சத்திரம் என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் மோனிகார் சவுல்ட்ரி ஆயிற்று. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அதே இடத்தில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பசியோடு வந்தவர்களிடம் நோயும் இருந்தது. அப்படித்தான் ஒரு தொட்டி ஆஸ்பத்திரி ஆனது.

அந்த இடம் எங்கே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கறுப்பர் நகரத்தின் வட மதிலுக்கு வெளியே. மதிலுக்குள் வணிகம், மதிலுக்கு வெளியே கஞ்சி. பின்னர் இராயபுரத்தில் தொழுநோயாளர் மருத்துவமனை வந்தது. அம்மைக்கும் காலராவுக்கும் தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை வந்தது. இன்னும் வடக்கே கொடுங்கையூரில் குப்பைமேடு, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அனல்மின் நிலையமும் அதன் சாம்பலும். நகரம் தன் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தவற்றையெல்லாம் வடக்கே தள்ளியது. முதலில் நோயாளிகளைத் தள்ளியது. பிறகு நோயையே உண்டாக்கக் கூடியவற்றைத் தள்ளியது. இந்த இரண்டு தள்ளல்களும் ஒரே வரலாறு என்பது எங்கள் கருத்து. அதைத் தோல் வழியாகப் பேச இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

ஏன் தோல்? தீண்டாமை என்ற சொல்லுக்குள் இருக்கும் வினை தீண்டுதல். தீண்டப்படுவது தோல்தான். சாதி தன் வேலையை நிலத்தில் செய்கிறது, கூலியில் செய்கிறது, கோயிலில் செய்கிறது. ஆனால் அதன் முதல் எல்லைக்கோடு உடம்பைச் சுற்றி நிற்கும் இந்த மெல்லிய உறைதான். நில வரலாறு எழுதியிருக்கிறோம், பஞ்சமி நிலம் பற்றி ஆவணம் ஆவணமாகத் தோண்டியிருக்கிறோம். தோலின் வரலாற்றை நாம் இன்னும் போதுமான அளவு எழுதவில்லை.

ஆங்கிலத்தில் ஒருவனை ஊர் ஒதுக்கிவைத்தது என்று சொல்ல இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ‘லெப்பர்’, தொழுநோயாளி. இன்னொன்று ‘பறையா’. முதலாவது கிரேக்கத்திலிருந்து வந்தது, இரண்டாவது நம்மிடமிருந்து போனது. இன்றும் ஒரு நாட்டை மற்ற நாடுகள் ஒதுக்கினால் உலகப் பத்திரிகைகள் அதைப் ‘பறையா நாடு’ என்று எழுதுகின்றன. எழுதுகிறவருக்கு அது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் என்பதே தெரியாது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று பெயர் சூட்டியே ஒரு பத்திரிகை தொடங்கினார். இழிவாக எறியப்பட்டதை எடுத்துத் தலைப்பில் வைத்தார். நோயாளிகளுக்கு அந்த வாய்ப்பு நெடுங்காலம் கிடைக்கவில்லை. அவர்களைக் குஷ்டரோகி என்றோம், பெருவியாதிக்காரன் என்றோம். ‘தொழுநோய்’ என்ற சொல் அரசுத் தாள்களில் நிலைத்த பிறகும் திட்டுவதற்குப் பழைய சொல்லே கைவசம் இருக்கிறது. சேரியிலும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம்.

நோய்ப் பெயர்களில் இன்னொரு கதையும் உண்டு. தொடை இடுக்கில் வரும் படர்தாமரைக்குக் காலனியக் காலத்து மருத்துவர்கள் வைத்த பெயர் ‘டோபி இட்ச்’, அதாவது வண்ணார் அரிப்பு. வெள்ளைக்காரருக்கு வெயிலிலும் வியர்வையிலும் பூஞ்சை பிடித்தது. பழி துணி வெளுத்தவர் மேல் விழுந்தது. துணியில் அடையாளமிட வண்ணார்கள் பயன்படுத்திய சேங்கொட்டைச் சாறு சிலருக்குத் தோலைக் கொப்புளிக்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சாற்றைத் தினமும் கையாண்டவரின் விரல்கள் என்ன ஆயின என்பதற்கு எந்தப் பெயரும் வைக்கப்படவில்லை. நாம் கூடியிருக்கும் இந்தப் பகுதிக்கே பெயர் வண்ணாரப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணியை வெளுக்கவும் வெள்ளாவி வைக்கவும் குடியமர்த்தப்பட்டவர்களின் பேட்டை. காரத்திலும் சுண்ணாம்பிலும் நாள் முழுக்க ஊறிய கையும் காலும் எப்படி இருக்கும் என்று சொல்ல மருத்துவர் தேவையில்லை. லண்டனுக்குப் போன துணியின் வெண்மைக்குக் கணக்கு இருக்கிறது. அதை வெளுத்த கைக்குக் கணக்கு இல்லை. நம் மக்களுக்கே வெளுத்து, நம் மக்களாலும் கீழாக நடத்தப்பட்ட புதிரை வண்ணார்களைப் பற்றிய பேச்சை இங்கே தொடங்கினால் அது வேறொரு சொற்பொழிவு ஆகிவிடும். ஆனால் அந்தக் கடன் நம் பெயரில் நிலுவையில் இருக்கிறது.

‘மதுரைக் கால்’ என்று இன்னொன்று. 1842இல் மதுரையில் கில் என்ற மருத்துவர் குறித்து வைத்த பாத நோய். வெறுங்காலில் முள் குத்தி, மண்ணிலுள்ள கிருமி உள்ளே போய், வருடக்கணக்கில் பாதம் வீங்கித் துளைவிடும். உலக மருத்துவ நூல்களில் ஊர்ப்பெயரோடு அது நிலைத்துவிட்டது. வெறுங்காலில் நடப்பவர்களின் நோய் என்று அந்த நூல்கள் சொல்லும். மேல்சாதித் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியவர்கள் யார் என்று அவை சொல்வதில்லை.

இனி தொழுநோய்க்கு வருவோம். 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் அதன் கிருமியைக் கண்டார். மனிதரிடம் நோய் உண்டாக்கும் கிருமிகளில் முதலில் அடையாளம் காணப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. அது மெல்லப் பெருகும் கிருமி. பெரும்பாலான உடம்புகள் அதை இயல்பாகவே எதிர்த்து நின்றுவிடும். அது தோலையும் நரம்பையும் பிடிக்கிறது. விரல் அழுகி விழுகிறது என்பது பொய். நரம்பு செத்து உணர்வு போய்விடுவதால், சூடு தெரியாமல் சுட்டுக்கொள்வதும், காயம் தெரியாமல் அதே கையால் வேலை செய்வதும், எலி கடித்தால்கூடத் தெரியாமல் தூங்குவதும்தான் விரலைத் தின்கின்றன. 1940களின் இறுதியில் வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் இதைத் தெளிவாகக் காட்டினார். அப்படியானால் கையால் உழைக்கிறவருக்கு இந்த நோய் இருமடங்கு கொடியது. எழுத்தர் வேலை பார்ப்பவருக்கு உணர்விழந்த விரல் ஒரு குறை. அடுப்புக்கு முன்னும் மூட்டைக்குக் கீழும் நிற்பவருக்கு அது விரலையே இழப்பது.

1889இல் ஹவாய்த் தீவில் பாதிரியார் டேமியன் தொழுநோயால் இறந்தார். தொழுநோயாளரிடையே பணியாற்றிய வெள்ளைக்காரர் ஒருவரின் மரணம் பேரரசு முழுதும் பீதியைக் கிளப்பியது. இந்தியாவுக்கு ஓர் ஆணையம் அனுப்பப்பட்டது. 1890-91இல் அது நாடு சுற்றி ஆராய்ந்து, தொழுநோய் மிகக் குறைந்த அளவே தொற்றக்கூடியது என்ற முடிவுக்கு வந்தது. கட்டாயமாகப் பிரித்து அடைக்கத் தேவை இல்லை என்பது அதன் பொருள். ஆனால் 1898இல் சட்டம் வந்தது. அறிவியல் ஒன்று சொல்ல, சட்டம் வேறொன்று செய்தது. ஏன் என்பதற்கு விடை சட்டத்தின் சொற்களிலேயே இருக்கிறது.

1898ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம் எல்லாத் தொழுநோயாளர்களையும் பற்றியது அன்று. ‘பாப்பர் லெப்பர்’, அதாவது ஏழைத் தொழுநோயாளர் என்று ஒரு வகையை அது உண்டாக்கியது. வெளியிடத்தில் பிச்சை கேட்பவர், புண்ணைக் காட்டி இரக்கம் தேடுபவர், கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு இல்லாமல் திரிபவர். இவர்களைக் காவலர் பிடியாணை இல்லாமலே பிடிக்கலாம். இதற்கென்று நியமிக்கப்பட்ட ஆய்வாளர் பார்த்துச் சான்று தருவார், நீதிபதி காப்பகத்துக்கு அனுப்புவார். வீடும் வருமானமும் இருக்கிறவருக்கு அதே நோய் இருந்தால் அவரை இப்படிப் பிடித்து அடைக்க வழி இல்லை. கிருமி ஒன்றுதான். குற்றமானது வறுமை.

அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவை நாங்கள் முதன்முதலில் படித்தபோது சற்று நேரம் பேச்சு வரவில்லை. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் தொழுநோயாளர் என்னென்ன செய்யக்கூடாது என்று மாகாண அரசு ஆணையிடலாம் என்கிறது அது. உண்பதற்கோ குடிப்பதற்கோ உரிய பொருளை விற்பனைக்காகத் தயாரிக்கக்கூடாது, விற்கக்கூடாது. மருந்தும் உடுப்பும் விற்கக்கூடாது. தடுக்கப்பட்ட பொதுக் கிணற்றிலும் குளத்திலும் குளிக்கவோ, துணி துவைக்கவோ, தண்ணீர் எடுக்கவோ கூடாது. வாடகைக்கு ஓடும் பொது வண்டியை ஓட்டக்கூடாது, அதில் ஏறக்கூடாது. ரயில் பெட்டிக்கு மட்டும் விலக்கு, ரயிலுக்குத் தனிச் சட்டம் இருந்தது.

எந்தச் சட்டம் என்று சொல்லாமல் இந்தப் பட்டியலைச் சேரியில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவரிடம் வாசித்துக் காட்டுங்கள். கிணறு, குளம், உணவு, வண்டி. எந்த நோயின் பட்டியல் என்று அவர் கேட்க மாட்டார், எந்த ஊரில் என்று கேட்பார். பொதுச் சாலையும் கிணறும் குளமும் நமக்கும் உரியவை என்று சொல்ல 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. நோயாளிக்கு அரசு எழுதிய தடையும், நமக்கு ஊர் எழுதாமல் வைத்த தடையும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதுபோல இருக்கின்றன. வெள்ளைக்காரர் நம் சாதியைப் பார்த்துப் படியெடுத்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. ஐரோப்பாவுக்கே தொழுநோயாளரை ஒதுக்கிய நீண்ட பழக்கம் உண்டு, தேவாலயச் சுவரில் துளை போட்டு வெளியே நின்று வழிபட வைத்த ஊர்கள் அங்கும் உண்டு. ஆனால் அந்தத் தடை இங்கே இறங்கியபோது நிலம் ஏற்கெனவே உழுது கிடந்தது.

நம் பக்கத்து விளக்கமும் அதற்கு உதவியது. நோய் எதனால்? முற்பிறவி வினையால். சாதி எதனால்? அதே வினையால். ஒரே விடை இரண்டு கேள்விகளையும் மூடியது. பௌத்த மரபில் சுப்பபுத்தர் என்ற தொழுநோயாளரின் கதை உண்டு. கூட்டத்தில் உணவு தருவார்கள் என்று நினைத்து வந்து, ஓரமாக உட்கார்ந்து, புத்தரின் போதனையைக் கேட்டுத் தெளிந்தவர். ஒதுக்கப்பட்டவனைக் கூட்டத்தின் நடுவே கண்டுகொண்ட கதை என்று நாம் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் அதே கதையின் பின்பகுதி, முற்பிறவியில் ஒரு ஞானியை அவமதித்ததே அவர் நோய்க்குக் காரணம் என்கிறது. நமக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. பகுத்தறிவு மேடையிலிருந்து வந்த ‘ரத்தக்கண்ணீ’ரும் இதில் தப்பவில்லை. 1954இல் வெளியான அந்தப் படத்தில் எம்.ஆர். ராதா எல்லாப் பழமையையும் கிழித்தெறிகிறார், நோயை மட்டும் ஒழுக்கக்கேட்டின் தண்டனையாகவே விட்டுவிட்டார். அந்தக் குரலை நாம் இன்றும் ரசித்துக் கேட்கிறோம். அந்தப் படம் ஊர் ஊராக ஓடிய காலத்தில் தேமலோடு திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர் என்ன நினைத்திருப்பார்?

இராயபுரத்துத் தொழுநோய் மருத்துவமனைக்குள் நிகழ்ந்தவற்றை ஜேன் பக்கிங்ஹாம் 2002இல் வெளிவந்த தம் நூலில் ஆவணங்களைக் கொண்டு ஆராய்ந்திருக்கிறார். அங்கிருந்தவர்கள் வெறும் அடைபட்ட உடல்கள் அல்லர் என்பது அவர் வாதம். மருந்தை மறுத்தார்கள், சோற்றுக்காகப் பேசினார்கள், வெளியே போனார்கள், மழைக்கும் பஞ்சத்துக்கும் திரும்பி வந்தார்கள். எங்களுக்கு இது முக்கியம். கஞ்சித்தொட்டியின் கூட்டம் போலவே அவர்களும் தங்கள் பிழைப்பைக் கணக்கிட்டு நடந்தவர்கள்.

மருந்தென்று அவர்கள்மேல் பூசப்பட்டவை ஏராளம். முந்திரிக்கொட்டை எண்ணெய் போட்டுத் தோலைப் பொசுக்கினார்கள். 1870களில் அந்தமான் சிறையிலிருந்து குர்ஜன் எண்ணெய் என்றொன்று புகழ்பெற்று வந்தது. கடைசியில் நிலைத்தது சால்முக்ரா. அதன் தென்னிந்திய உறவு நம் நீரடிமுத்து. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்து, சித்த மருத்துவர்கள் கையில் தோல்நோய்க்கென்று நெடுங்காலம் இருந்த விதை. ஐரோப்பிய மருத்துவம் அதை ஊசியில் ஏற்றிக்கொண்டது, அதை அறிந்திருந்த வைத்தியரை நாட்டு வைத்தியர் என்று தள்ளிவைத்தது. அயோத்திதாசர் ஒரு சித்த மருத்துவர் என்பதை நாம் அவரது அரசியலைப் பேசும் அவசரத்தில் மறந்துவிடுகிறோம். நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்ப்பது அவர் பிழைப்பு. தீண்டாமையை அவர் ஏட்டில் மட்டும் எதிர்கொள்ளவில்லை.

1920களின் நடுவில் செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரில் ஒரு குடியிருப்பு அமைந்தது. இராயபுரத்தின் வேலை அங்கே போயிற்று. நகரம் வடக்கே வளர்ந்துவிட்டது, துறைமுகமும் ரயிலும் கிடங்குகளும் வந்துவிட்டன, மதிலுக்கு வெளியே என்பது இப்போது நடு ஊர். எனவே நோயாளிகளுக்கு இன்னும் தொலைவு தேவைப்பட்டது. அதே திருமணியில்தான் 1940களில் கோக்ரேனின் முயற்சியில் சல்போன் மருந்துகள் சோதிக்கப்பட்டன. அந்த வகையைச் சேர்ந்த டாப்சோன் மாத்திரை மலிவானது, வீட்டிலிருந்தே சாப்பிடலாம். 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது, ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் நோய் குணம். இவ்வளவுக்குப் பிறகும் 1898ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலிருந்து நீங்கியது 2016இல். தொழுநோய் இருப்பவர் நகராட்சிப் பதவி வகிக்கக்கூடாது என்ற ஒடிசாச் சட்டத்தை 2008இல் உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. மணமுறிவுக்குக் காரணமாகத் தொழுநோயைச் சொல்லலாம் என்ற பிரிவு 2019 வரை இருந்தது. மருந்து வந்து 70 ஆண்டுகள் கழித்துத்தான் சட்டப்புத்தகம் குணமடையத் தொடங்கியது. 2005இல் இந்தியா, தொழுநோய் இனி ஒரு பொதுச் சுகாதாரச் சிக்கல் அல்ல என்று அறிவித்தது. இன்றும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவில்தான்.

அம்மையைப் பற்றி ஒரு சிறு பகுதி. கன்றிலிருந்து பால் எடுக்கும் முறை பரவுவதற்கு முன் அம்மைப்பால் கைக்குக் கை மாறியது. ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி வைப்பார்கள். கொடுக்கும் கை பெரும்பாலும் ஏழை வீட்டுக் குழந்தையின் கை, ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தையின் கை. அதை வாங்கிக்கொள்ள உயர்சாதியினர் மறுத்ததை நாட்டின் பல பகுதிகளிலும் அலுவலர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். தீட்டு உயிரைவிடப் பெரியதாக இருந்தது. 1899இல் தொடங்கிய கிண்டி கிங் நிலையம் கன்றுகளிடமிருந்து அம்மைப்பால் தயாரித்தது. பசுவின் உடம்பிலிருந்து வந்ததும் சிக்கல் குறைந்தது. தடுப்பூசி வரலாற்றில் இது நிர்வாக முன்னேற்றம் என்று எழுதப்படுகிறது. நம் குழந்தைகள் எத்தனை பேர் உயிரைத் தங்கள் தோலில் சுமந்து கொடுத்தார்கள் என்பது அதில் இல்லை.

1963இல் சென்னையில் அம்மை நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருந்தவர்களிடம் ஒரு மாத்திரை சோதிக்கப்பட்டது. மாத்திரை பெற்ற 1,101 பேரில் மூவருக்கு மட்டும் லேசான அம்மை. பெறாத 1,126 பேரில் 78 பேருக்கு அம்மை கண்டது, 12 பேர் இறந்தார்கள். மருத்துவ உலகில் புகழ்பெற்ற சோதனை. ஒப்பீடு இல்லாமல் மருந்தின் பயன் தெரியாது என்பதை ஏற்கிறோம். ஆனாலும் அந்த 12 பேர் எந்தத் தெருக்காரர்கள் என்று கேட்கும் உரிமை வரலாறு எழுதுகிறவருக்கு உண்டு.

இப்போது நம் காலத்துக்கு வருகிறோம். ஆலைகள் வந்தபோது வடசென்னையின் தோல் வேறு பொருள்களைத் தொட ஆரம்பித்தது. இயந்திர எண்ணெய், தார், சிமெண்ட், ரப்பரில் கலக்கும் ரசாயனம், நிலக்கரித் தூள். இவை தோலுக்கு என்ன செய்யும் என்பது ரகசியம் இல்லை. 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே தொழில்வழித் தோல்நோயும், தாராலும் கனிம எண்ணெயாலும் வரும் தோல் புற்றுநோயும் இருந்தன. மருத்துவர் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அன்றைய இழப்பீட்டுச் சட்டமும், தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டமும் அவற்றை ஏற்றன. கையை எந்திரம் வெட்டினால் அதே கஞ்சித்தொட்டியில், ஸ்டான்லியின் கை அறுவைப் பிரிவில் ஒட்டுவார்கள். டாக்டர் ஆர். வெங்கடசாமி கட்டியெழுப்பிய அந்தப் பிரிவின் பெயர் நாடெங்கும் தெரியும். வடசென்னையின் அச்சு எந்திரங்களும் பிரஸ்களும் அதற்கு ஓயாமல் வேலை கொடுத்தன என்பதையும் சேர்த்தே அதன் புகழைச் சொல்ல வேண்டும்.

ஆனால் சட்டத்தின் இந்தப் பாதுகாப்பில் ஒரு முடிச்சு. தோலுக்கு ஒரு முதலாளி இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்குக் கீழ் இன்னொரு ஒப்பந்தக்காரரிடம் நாள்கூலிக்கு நிற்பவர், இன்னார் என் முதலாளி என்று தாளில் காட்ட முடியாது. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் நாள்கணக்கில் உட்கார்ந்தார்களே, அதன் அடியில் இருந்த கேள்விகளில் இதுவும் ஒன்று: எங்கள் கைக்கு யார் பொறுப்பு? ஆலையின் வாசலுக்குள்ளேயே போகாமல், ஆலை விட்ட நீரில் நிற்பவருக்கோ அட்டவணையில் இடமே இல்லை.

எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர்கள் கையால் இறால் பிடிக்கிறார்கள். இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, சேற்றில் விரலால் தடவி, பிடித்த இறாலை வாயில் கவ்விய பையிலோ கழுத்தில் கட்டிய பறியிலோ போடுவார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. கருவி என்று இருப்பது தோல் மட்டும். மீனவர் குப்பங்கள் பாடு முறைப்படி வலை விரிக்கும் அதே நீர். மீனவர்கள் தலித்துகள் அல்லர், இருளர்கள் பழங்குடியினர். குப்பத்துக்கும் சேரிக்கும் இடையே மனத்தாங்கல்களும் உண்டு. இருந்தும் அந்த நீரில் வந்து கலப்பது எல்லோர் தோலையும் ஒன்றாகத்தான் பிடிக்கிறது.

கலப்பது என்ன? அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் வண்டலாகப் படிகிறது. துறைமுகத்தின் நிலக்கரித் தூசு இராயபுரத்துக் கட்டடங்களையும் நெஞ்சுகளையும் கறுப்பாக்குகிறது என்று வழக்குப் போட்டபோது, உயர் நீதிமன்றம் நிலக்கரியை 2011 அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகத்தில் கையாள வேண்டாம் என்றது. நல்ல தீர்ப்பு. நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு. இராயபுரத்து நோயாளிகளைத் திருமணிக்கு அனுப்பியது போலத்தான் இதுவும்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூருக்கு வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கனத்த எரிஎண்ணெய் எர்ணாவூர்க் கரையில் வந்து கட்டியாகப் படிந்தது. உலகம் பார்த்த படம் உங்களுக்கு நினைவிருக்கும்: வாளியால் எண்ணெயை அள்ளி, கைக்குக் கை மாற்றும் வரிசை. எங்களில் சிலரும் அந்த வரிசையில் நின்றோம். எத்தனை கையுறை போட்டாலும் எண்ணெய் உள்ளே போகும், வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் போகும், தேய்த்தால் தோல் எரியும். தன்னார்வலர்கள் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. விண்வெளிக்கு ராக்கெட் விடும் நாட்டில் கடல் எண்ணெயை வாளியால் அள்ளுவதை வெட்கப்பட வேண்டிய செய்தியாகச் சிலரே எழுதினார்கள். கழிவென்றால் கையால் அள்ளலாம் என்ற எண்ணம் இந்த நாட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்துக்கு இறங்கியது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், எண்ணூர்க்குப்பம். படகு கறுத்தது, வலை கறுத்தது, அலையாத்தி மரத்தின் மூச்சுவேர் கறுத்தது. மறுபடியும் குவளை, மறுபடியும் பீப்பாய், மறுபடியும் கை. அரிப்பும் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலும் என்று ஊரே சொன்னது. அந்த மாதம் 26ஆம் நாள் இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் இருட்டில் ஓடினார்கள். எண்ணெய் கழுவி முடிக்கும் முன்பே அமோனியா.

எண்ணெய்க்கு அரசு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய். மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். மொத்தம் 8 கோடியே 68 லட்சம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாக வருகிறது. அதில் குடும்பம் ஓர் அலகு, படகு ஓர் அலகு. உடம்பு ஓர் அலகாக இல்லை. படகு கறுத்தால் 10,000 ரூபாய் என்று விலை தெரிகிறது. கை கறுத்தால் விலைப்பட்டியல் கிடையாது, மருத்துவ முகாமில் ஒரு களிம்பு உண்டு. படகே இல்லாமல் கையையே படகாகவும் வலையாகவும் வைத்திருப்பவரை இந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது?

1898இல் சட்டம் ஏழையின் தோலைத் தேடிப்பிடித்துப் பதிவுசெய்தது, ஊரைவிட்டு விலக்குவதற்காக. 2023இல் அதே ஏழையின் தோல் பதிவேட்டிலேயே இல்லை, இழப்பீட்டிலிருந்து விலக்குவதற்காக.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். புயலுக்குப் பிந்தைய மாதங்களில் குப்பங்களிலும் இருளர் குடியிருப்பிலும் எங்கள் தோழர்கள் புறநோயாளிச் சீட்டுகளைப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் ஒரே சொல்: அரிப்பு. சிலவற்றில் ஒவ்வாமை. கீழே களிம்பின் பெயர், மூன்று நாள் மாத்திரை. என்ன தொழில், எந்த நீரில் எத்தனை மணி நேரம், எப்போது தொடங்கியது என்று எழுத அந்தச் சீட்டில் இடம் இல்லை. மருத்துவர் கேட்டிருந்தாலும் எழுதியிருக்க முடியாது. அந்தச் சீட்டுகள் மழையில் நனைகின்றன, அடுப்பு மூட்டப் போகின்றன, பிள்ளைகள் கப்பல் செய்கிறார்கள். அவற்றை வாங்கிப் படியெடுத்து, தேதி போட்டு, தொழிலையும் ஊரையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். காட்டுக்குப்பத்தில் ஒரு பெண்மணி ஐந்து வருடச் சீட்டுகளை ஒரு பால் பாக்கெட் உறையில் சுருட்டி வைத்திருந்தார். ஏன் வைத்திருக்கிறீர்கள் அக்கா என்று கேட்டோம். “யாராச்சும் ஒரு நாளு கேப்பாங்கன்னுதான்” என்றார்.